பிற

முதுநகர்த் துறையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.
டேப்லெட் பைக்குள், பை மடியில்.
உப்பனாற்றைக் கடக்கப் பத்து ரூபாய்.
பயணப்படிப் படிவத்தில் படகுக்கு இடமில்லை,
‘பேருந்து’ என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

அக்கரைப் பள்ளி. மூன்றாம் வகுப்பில் பதினான்கு பேர்.
அன்றைக்குக் காற்று சிப்காட் பக்கமிருந்து.
இங்கே யாரும் மூக்கைப் பொத்துவதில்லை,
கண்ணை மட்டும் அடிக்கடி கசக்குகிறார்கள்.
மழை பெய்ததா என்று படிவம் கேட்கிறது.
காற்று எங்கிருந்து என்று கேட்பதில்லை.

ஒரு பத்தி, ஒரு நிமிடம்.
எத்தனை சொல் என்று நான் எண்ண வேண்டும்.
காட்டைத் தாண்டி மாமா வீட்டுக்குப் போகும் முயல்.
லத்திகாஸ்ரீ பதினோராம் சொல்லில் நின்றாள்.
விரலை எடுக்கவில்லை.
“தனியாவா டீச்சர் போச்சு?”

மதிப்பீட்டாளர் பேசக் கூடாது.
தலையசைப்பதும் பேச்சுதான் என்று
பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.
நான் நொடியைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
முப்பத்தைந்து நொடி இப்படியே போய்
மணி அடித்தது.
பதினொன்று.

அது பொய்யில்லை.
எண்ணோடு எனக்குச் சண்டையும் இல்லை.
இரண்டாவது டீச்சர் வேண்டும் என்று ஊரே கொடுத்த மனு
மஞ்சக்குப்பத்தில் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.
எழுப்பியது ஒரு சிவப்புப் பட்டை.
பிலோமினா டீச்சர் இங்கே வந்தது
அந்தச் சிவப்பைப் பிடித்துக்கொண்டுதான்.
இதை மறந்து பேசினால் நன்றி கெட்டவளாவேன்.

மரக்காலால் நெல்லை அளக்கலாம்.
நான் மரக்காலை முற்றத்தில் வைத்துவிட்டு
இத்தனை மரக்கால் வெயில்
என்று எழுதி அனுப்பினேனோ?

தையில் மறுமதிப்பீடு.
இடையில் புதுப் புத்தகம், வண்ண அட்டைகள், மூன்று நாள் பயிற்சி.
காற்று இப்போது கடலிலிருந்து.
வகுப்பில் பத்துப் பேர்.
சராசரி முப்பத்தொன்றாக இருந்தது, முப்பத்தொன்பது.

திரும்பும் படகில் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முன்பு பதினான்கு பேருக்கு நானூற்று முப்பத்து நான்கு.
போனவர்கள் நால்வர்:
பதினொன்று, ஒன்பது, பதினான்கு, பத்து.
கழித்தால் முந்நூற்றுத் தொண்ணூறு.
இப்போது இருக்கும் பத்துப் பேரைக் கூட்டினால்
அதே முந்நூற்றுத் தொண்ணூறு.
ஒருத்தி இரண்டு சொல் ஏறியிருக்கிறாள்,
ஒருவன் இரண்டு சொல் இறங்கியிருக்கிறான்.
ஏறியது வகுப்பு இல்லை.
நாலு நாற்காலி காலியானதில்
பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

லத்திகாவின் அம்மா மீன் தரம் பிரிக்க மால்பேக்குப் போய்விட்டாள்.
அங்கே பள்ளியில் சேர்த்தாளா, யாருக்கும் தெரியவில்லை.
திரையில் நான்கு காரணங்கள்:
வேறு பள்ளி, நோய், இறப்பு, பிற.
‘பிற’வைத் தொட்டேன். பச்சை டிக் விழுந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள்.
“என்ன பண்ணீங்கன்னு மத்தவங்களுக்கும் சொல்லுங்க.”
“நாலு பேர் குறைஞ்சிட்டாங்க சார்.”
அவர் கெட்ட மனிதர் இல்லை.
சின்னப் பள்ளி, மாவட்ட சராசரியை அசைக்காது என்றார்.
அதுவும் சரிதான்.
அடுத்த ஸ்லைடில் ஒரு வட்டம்,
அதில் நூல் மாதிரி சாம்பல் நிறக் கீற்று,
பெயர் எழுத இடமில்லாமல்
வட்டத்துக்கு வெளியே கோடு இழுத்து எழுதியிருந்தது.

இரவு டேப்லெட்டை சார்ஜில் போட்டுவிட்டு
முயல் பத்தியைத் திறந்தேன்.
இத்தனை பள்ளிகளில் எண்ணியிருக்கிறேன், வாசித்ததில்லை.
கடைசிச் சொல் வரை மெதுவாக, மணி வைக்காமல் படித்தேன்.
தனியாகப் போனதா என்று
எழுதியிருக்கவில்லை.